வலி அறியாத கையும் வழி அறிந்த காதும்

வேலூர் ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. காட்பாடிப் பக்கம் போனால் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம், 1955இல் தொடங்கப்பட்டது. முதல் இடத்துக்குப் பார்வை மங்கியவர்கள் வருகிறார்கள். இரண்டாவது இடத்துக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருந்தவர்கள் தோலின் உணர்வை இழந்தவர்கள். வேறு நோய், வேறு மருத்துவர், வேறு வரிசை என்றுதான் ஊர்க்காரர்கள் நினைப்போம். ஆனால் மனிதப் புலன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் நல்ல தொடக்கம்.

பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும். கண் பார்க்கும், காது கேட்கும், மூக்கு முகரும், நாக்கு சுவைக்கும், தோல் உணரும். படம் வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண். அந்தப் பாடத்தில் விடுபட்டவை அதிகம். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் உட்செவி அதில் இல்லை. இருட்டிலும் கை எங்கே இருக்கிறது என்று சொல்லும் தசைகளும் மூட்டுகளும் இல்லை. வலி இல்லை, சூடு குளிர் இல்லை. அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு புலனும் தன் வேலையைத் தனியே செய்துவிட்டுப் போவதாக அந்தப் படம் நம்மை நம்பவைத்துவிட்டது.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் தொழுநோய் மிகுதி. செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். அந்த அழுத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. அழுத்தியவருக்கோ தாம் எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறோம் என்பதே தெரியவில்லை. பயனற்றது என்று எல்லாரும் ஒதுக்கிய கையில் நல்ல வலுவுள்ள தசைகள் இருந்தன, இல்லாதது உணர்வு. செயலற்ற தசையின் வேலையைச் செயல்படும் தசைநாணுக்கு மாற்றித் தந்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வேலூரில் வளர்ந்தது இதன் பின்னர்தான்.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்புக்குக் கத்தி தேவைப்படவில்லை. தொழுநோயில் சதை அழுகி விரல் உதிர்ந்துவிடுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. மருத்துவர்கள் பலரும் அப்படியே நினைத்தார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பெரியவர்கள் திணறியபோது ஒரு சிறுவன் வெறும் விரலால் சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். பார்த்தால் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. இரவில் இருந்த விரல் காலையில் இல்லாமற்போனதற்குக் காரணம் எலி. தூங்கும்போது எலி கடித்தால் நாம் விழித்துக்கொள்வோம், அவர்கள் விழிக்கவில்லை. அதற்குச் செய்த மருத்துவம், நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தது. சதையைத் தின்றது கிருமி அல்ல. கிருமி நரம்பைக் கெடுத்தது, மற்றதைச் சூடான பாத்திரமும் முள்ளும் எலியும் செய்தன.

உணர்வு போன கைக்கு யார் காவல்? கண்தான். தினமும் காலையிலும் மாலையிலும் கையையும் பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போட வேண்டும், அடுப்படியில் துணி பிடித்தே பாத்திரம் இறக்க வேண்டும் என்று கற்பித்தார்கள். இதுவும் ஒருவகையில் புலன் மாற்றுதான். தோலின் வேலையைக் கண் எடுத்துக்கொள்கிறது. ஆனால் கண் மோசமான காவலாள். பார்த்தால்தான் தெரியும், பார்க்க வேண்டும் என்று நினைவு வந்தால்தான் பார்க்கும். வலிக்கு அந்தச் சோம்பல் கிடையாது.

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே செயற்கை வலி ஒன்றை உருவாக்க முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தம் அளக்கும் உணரிகள். அழுத்தம் எல்லை மீறினால் காதில் ஒலி எழும். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், பொருட்படுத்தவில்லை. உணர்வு மிச்சமிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். செய்ய நினைத்த வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். திட்டம் தோற்றது. அது தோற்றவிதம் எனக்கு வெற்றிபெற்ற ஆய்வுகள் பலவற்றைவிடச் சுவையானதாகப் படுகிறது. ஒரு புலன் தருவது வெறும் தகவல் என்றால் அதை இன்னொரு வழியில் அனுப்பிவிடலாம். வலி தகவல் அல்ல, உத்தரவு. அணைக்கும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அது உத்தரவாக இருக்காது.

இந்தக் கதையில் கண்ணும் தப்பவில்லை. கருவிழியின் மேற்பரப்பு தொடுவுணர்வு மிகுந்த இடம். அது உலரத் தொடங்கியதும் நாம் அறியாமலே இமைக்கிறோம். தொழுநோயில் அந்த உணர்வு குறைகிறது. சிலருக்கு இமையை மூடும் நரம்பும் செயலிழக்கிறது. இமைக்காத கண் உலர்ந்து, தூசி பட்டு, புண்ணாகி, பார்வை போகிறது. பிராண்டின் மனைவி மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். இந்த நோயாளிகளுக்காக உழைத்தவர். மெல்லும்போது இயங்கும் தசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து இமையில் இணைக்கும் அறுவை சிகிச்சையை அவர்கள் பயன்படுத்தினார்கள். அதன்பின் தாடையைக் கடித்தால் இமை மூடும். கண்ணைக் காப்பாற்ற வாய் மென்றுகொண்டிருக்க வேண்டும். பார்வை என்பது தொடுவுணர்வின் தயவில் வாழ்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. இப்படி ஒரு புலன் போனபின் தெரியவரும் சார்பு, எல்லாம் சரியாக இருக்கும்போது கண்ணுக்குப் படாமல் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். சில நொடிகளில் கணுக்கால் தடுமாறத் தொடங்கும். நிற்பது காலின் வேலை என்று எண்ணியிருந்தோம். உட்செவி, பாதத்தின் தோல், மூட்டுகள், கண் ஆகிய நான்கும் சேர்ந்து நம்மை நிறுத்தியிருந்தன. மூளை இந்தச் செய்திகளை ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி விசாரிப்பதுபோல் விசாரிக்கிறது: எல்லாருடைய சொல்லுக்கும் ஒரே மதிப்பு இல்லை, இந்த விஷயத்தில் யார் நம்பத்தக்கவரோ அவர் சொல்லுக்கு எடை கூடுதல். மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் இதை அளந்தே காட்டினார்கள். ஒரு கட்டையின் உயரத்தைக் கண்ணாலும் கையாலும் ஒரே நேரத்தில் மதிப்பிடச் சொன்னார்கள். காட்சி தெளிவாக இருந்தபோது தீர்ப்பு கண்ணின் பக்கம் சாய்ந்தது. காட்சியை வேண்டுமென்றே கலங்கலாக்க ஆக்க, கையின் பக்கம் சாய்ந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்ன மதிப்பீடு தனிக் கண்ணையும் தனிக் கையையும்விடத் துல்லியமாக இருந்தது. கண் எப்போதும் அரசன் என்பது பழைய எண்ணம். அது பெரும்பாலான வேலைகளில் நம்பகமானது, அவ்வளவே.

இந்தத் திறனோடு நாம் பிறப்பதில்லை. ஏறக்குறைய எட்டு வயதுக்கு முன் குழந்தைகள் கண்ணையும் கையையும் இப்படிச் சேர்ப்பதில்லை என்று 2008இல் இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அளவைச் சொல்லும்போது கையை மட்டும் நம்பினார்கள். சாய்வைச் சொல்லும்போது கண்ணை மட்டும். வளரும் உடம்பில் கையின் நீளமும் கண்களின் இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்த்துக்கொள்ளும் காலம் அது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

வேலூரில் இதற்கு இன்னொரு சான்று தெருவிலேயே இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்காளப் பெயர்ப்பலகைகள் நிறைய. மேற்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் அந்த விடுதிகளில் தங்குகின்றன. மருந்துக்கடையில் தமிழும் இந்தியும் வங்காளமும் கலந்து ஒரு பேச்சு நடக்கும், எப்படியோ புரிந்துவிடும். கொரோனாக் காலத்தில் எல்லாரும் முகக்கவசம் போட்டதும் அந்த "எப்படியோ" தடுமாறிப் போனது. துணி ஒலியைக் கொஞ்சம் மழுக்கியது உண்மை. அதோடு உதடும் மறைந்துவிட்டது. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் காது தவறவிடுவதைக் கண் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தது. 1976இல் ஹாரி மெகர்க், ஜான் மெக்டொனால்டு இருவரும் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. உதடு ஒட்டிப் பிறக்கும் ஒலியைக் காதுக்குக் கொடுத்து, உதடு ஒட்டாமல் ககர ஒலியைச் சொல்லும் வாயைக் கண்ணுக்குக் காட்டினார்கள். பலருக்கு இரண்டுமே கேட்கவில்லை. இடைப்பட்ட டகர ஒலி கேட்டது. விஷயம் தெரிந்தபின்னும் அப்படியேதான் கேட்கும். கண்ணை மூடினால் மட்டும் ஒலி உள்ளபடி திரும்பிவிடும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆம்பூர் பிரியாணியின் சுவை நாக்கில் இருக்கிறதென்று சொன்னால் ஆம்பூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளலாம், அறிவியல் ஒப்புக்கொள்ளாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்றால் உப்பு, புளிப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு என்ற அளவிலேயே நின்றுவிடும். சீரகச் சம்பாவின் மணமும் புதினாவும் காணாமற்போகும். மெல்லும்போது வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் ஆவிதான் அவற்றைத் தருகிறது. மிளகாயின் காரமோ சுவையே அல்ல. சூட்டை அறியும் நரம்பு வாயிலை அது திறந்துவிடுகிறது. அந்த வாயிலைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடன் பெற்ற ஆர்டம் பட்டபூட்டியன், அழுத்தத்தை அறியும் வாயில்களைக் கண்டறிந்தவர். அதில் ஒன்றுதான் நம் கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வுக்கும் அடிப்படை.

இனி, மூளை விசாரிக்கும் சாட்சிகளில் மிக நம்பகமானவரான கண் வராமலே போய்விட்டால் என்ன ஆகும்? "கண் தெரியாதவருக்குக் கடவுள் காதைக் கூர்மையாக்கிக் கொடுத்திருக்கிறார்" என்பது நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வது. அன்போடு சொல்வதுதான். ஆனாலும் அதில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது: கடவுளே ஈடு செய்துவிட்டார் என்றால் நகராட்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. உண்மை அவ்வளவு எளிது அல்ல. செவிப்பறை எல்லாருக்கும் ஒன்றே. மிகச் சிறு வயதில் பார்வை இழந்தவர்கள் சுருதி வேறுபாட்டை நுட்பமாக அறிகிறார்கள். பக்கவாட்டில் எழும் ஒலியின் இடத்தைப் பார்வையுள்ளவர்களைவிடத் துல்லியமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்பதிலும், மூன்று ஒலிகளில் நடுவில் உள்ளது எதற்கு அருகில் என்பதிலும் சில ஆய்வுகளில் பின்தங்கியிருக்கிறார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். காதின் வரைபடத்தைத் திருத்திக் கொடுப்பது கண். அது இல்லாதபோது சில பகுதிகளை வேறு வழியில் திருத்திக்கொள்ள முடிகிறது, சிலவற்றை முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர். வேலூர் லாங் பஜாரில் அவருடன் நடந்தால் அந்தத் தெருவே வேறாக இருக்கும். "சார், இங்கே சந்து வருகிறது பாருங்கள்" என்பார், நான் பார்ப்பதற்கு முன். கடைச் சுவர் தொடர்ந்து வரும்வரை அதில் பட்டுத் திரும்பும் ஓசை ஒருவிதம். சுவர் விட்டுப்போகும் இடத்தில் காது சட்டென்று திறந்துகொள்கிறது. நேதாஜி மார்க்கெட் பக்கம் பூவும் கொத்தமல்லியும் மூக்குக்குத் தெரியும். காலையில் இடக் கன்னத்தில் வெயில் சுட்டால் தெற்கு நோக்கி நடக்கிறார் என்று பொருள்; வேலூர் வெயில் இந்த ஒரு வேலைக்காவது உதவுகிறது. மூக்கை மட்டும் அவர் அதிகம் நம்புவதில்லை. காரணம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்: ராணிப்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர் தோல் பதனிடும் வாடைக்கு மூக்கைப் பிடிப்பார், உள்ளூர்க்காரர் "என்ன வாடை?" என்பார். மாறாமல் வந்துகொண்டிருக்கும் மணத்தை மூக்கு விரைவில் சொல்லாமல் விட்டுவிடுகிறது. காற்று திசை மாறினால் பூக்கடையும் நகர்ந்துவிடும்.

சுவர் எதிரே வருவது முகத்தில் தெரிகிறது என்று பார்வையற்றோர் பலர் சொல்லிவந்தார்கள். காற்றழுத்தத்தைக் கன்னம் உணர்கிறது என்று அதற்குக் கோட்பாடும் இருந்தது. 1944இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். முகத்தையும் கைகளையும் தடித்த துணியால் மூடினார்கள். அப்போதும் சுவரைக் கண்டுகொண்டார்கள். காதை அடைத்தார்கள், நேராகப் போய் மோதினார்கள். செருப்பைக் கழற்றி, காலுறையோடு கம்பளத்தில் நடக்கவிட்டபோதும் திறன் குறைந்தது. முகத்தில் உணர்ந்ததெல்லாம் காலடி ஓசையின் எதிரொலி. தம் காதின் வேலை அது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை என்பதுதான் வியப்பு. நம்முடைய புலன் எது என்று நமக்கே தெரியாமல் அதைப் பயன்படுத்த முடியும்.

நாக்கைச் சொடுக்கி அதன் எதிரொலியால் வழி காண்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டேனியல் கிஷ் அவர்களில் அறியப்பட்டவர். 2011இல் அப்படிப்பட்ட இருவரின் மூளையைப் படமெடுத்தபோது, எதிரொலியைக் கேட்கையில் பார்வைக்கு உரிய பின்மண்டைப் பகுதி இயங்கியது. இது பிறவி வரம் என்று விலக்கவும் முடியாது. 2021இல் வெளியான ஒரு பயிற்சி ஆய்வில், பத்து வாரங்களில் பார்வையற்றவர்களும் பார்வையுள்ளவர்களும் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

வெண்கோலும் பாதி ஒலிக் கருவிதான். நுனி தரையில் பட்டதும் வரும் ஓசை, முன்னால் சுவரா வெளியா என்று சொல்லிவிடுகிறது. தாரா மண்ணா என்று நுனியின் உரசல் சொல்கிறது. உள்ளங்கையில்தான் அதிர்வு விழுகிறது, ஆனால் பழகியவர் பள்ளத்தைக் கோலின் நுனியில் உணர்கிறார். இன்றைய நீண்ட கோலும் அதை இருபுறமும் வீசி நடக்கும் முறையும் இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ரிச்சர்டு ஹூவர் உருவாக்கியவை.

பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதிக்குக் கண்ணிலிருந்து எதுவும் வராவிட்டால் அது சும்மா கிடக்குமா என்ற கேள்விக்கு 1996இல் விடை வந்தது. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் விரலால் பிரெய்ல் படிக்கும்போது அந்தப் பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. அங்கே வேலை நடக்கிறதா, வெறும் சலசலப்பா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் கிடைத்தது. காந்தத் துடிப்பால் அந்த இடத்தைச் சற்றுக் குழப்பியதும் விரல் பிழையாகப் படித்தது. 2000இல் வெளியான இன்னொரு குறிப்பு இன்னும் உறைக்கும். பிறவியிலிருந்தே பார்வையற்ற, பிரெய்லில் தேர்ந்த ஒரு பெண்ணுக்கு இருபுறப் பின்மண்டையிலும் பக்கவாதம் வந்தது. கையின் உணர்வு கெடவில்லை. புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன, எழுத்தாகச் சேரவில்லை. ஒருபோதும் எதையும் பார்த்திராத பார்வைப் பகுதி பழுதானதால் அவருக்குப் படிப்பு போய்விட்டது. கண்ணுக்கென்று நாம் பெயரிட்ட இடம், இடத்தையும் வடிவத்தையும் பிரித்தறியும் பட்டறையாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் இப்போது நினைக்கிறார்கள். பார்வையுள்ளவர்களின் கண்களை ஐந்து நாட்கள் முழுக்கக் கட்டிவைத்த ஓர் ஆய்வில், அதற்குள்ளாகவே அவர்களுடைய பார்வைப் பகுதி தொடுகைக்கு இசையத் தொடங்கியது. கட்டை அவிழ்த்த ஒரு நாளில் அந்த மாற்றம் மறைந்தது. இவ்வளவு விரைவில் புது நரம்பு முளைக்காது. விரலுக்கும் பின்மண்டைக்கும் பாதை ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்.

பார்வையற்றோர் யானையைத் தடவிய கதையை இங்கே யாராவது கொண்டுவராமல் இருக்கமாட்டார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. அதைச் சொன்னவர் பார்வையற்ற ஒருவர் ஒரு பொருளைத் தொடுவதை உன்னிப்பாகப் பார்த்திருக்க முடியாது. காலைத் தொட்டுவிட்டுத் தூண் என்று அறிவித்து நின்றுவிடுபவர் பார்வையுள்ளவராகத்தான் இருப்பார்! பழகிய கை நிற்காது. வழுக்கிப் பார்க்கும், அழுத்திப் பார்க்கும், விளிம்பைப் பின்தொடரும், இரு கைகளாலும் அணைத்து மொத்த உருவத்தை எடுக்கும். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களை அந்த ஆசிரியர் பார்த்தவிதத்தை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். யாளியின் வாய்க்குள் விரல் போய் வந்தது. நான் பலமுறை கடந்துபோயும் கவனிக்காத இடம் அது. கண்ணைக் கட்டிய சாதாரண மனிதர்களிடம் அன்றாடப் பொருட்கள் நூறைக் கொடுத்துச் சோதித்தபோது, நூற்றுக்கு 96 முறை சரியாகச் சொன்னார்கள், பெரும்பாலும் சில நொடிகளில். 1985இல் வந்த முடிவு. விரலை அசையாமல் வைத்து அதன்மேல் பொருளை வைத்தால் இந்தத் திறன் சரிந்துவிடும்.

அசைவு எவ்வளவு முக்கியம் என்று பால் பாக்-இ-ரீட்டாவின் நாற்காலியும் காட்டியது. 1969இல் அவர் ஒரு கேமராவின் படத்தை நாற்காலியின் முதுகில் பொருத்திய 400 அதிரும் முனைகளுக்கு அனுப்பினார். பார்வையற்றவர் சாய்ந்து உட்கார்ந்தால் படம் முதுகில் அதிர்வாக எழுதப்படும். பிறர் கேமராவை அசைத்தபோது முதுகில் ஏதோ குறுகுறுப்பு மட்டும். கேமராவைத் தாமே திருப்பத் தொடங்கிப் பழகியபின் முதுகு மறந்துபோயிற்று. பொருள் எதிரே, வெளியில் இருப்பதாகத் தெரிந்தது. சொல்லாமல் படத்தைப் பெரிதாக்கியபோது, ஏதோ முகத்துக்கு நேரே வருவதாக எண்ணிப் பின்வாங்கினார் ஒருவர். அதிர்வு வந்தது முதுகின் பக்கம். அவர் பின்வாங்கியதும் முதுகின் பக்கமே.

இதற்கு நேர் எதிரான கேள்வி மிகப் பழையது. பிறவியில் பார்வையற்று, உருண்டையையும் கனசதுரத்தையும் கையால் அறிந்த ஒருவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே இது இன்னது என்று சொல்வாரா? அயர்லாந்தின் வில்லியம் மோலினோ 1688இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் வாதம் நடந்தது. விடை கிடைத்தது டெல்லியில். பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். தொட்டதைத் தொட்டு அடையாளம் காண்பதில் 98 விழுக்காடு சரி. பார்த்ததைப் பார்த்து அடையாளம் காண்பதில் 92. தொட்டதைப் பார்த்து அடையாளம் காண்பதில் 58. பூவா தலையா போட்டாலே 50 வரும். ஆனால் சில நாட்கள் கழித்துச் சோதிக்க முடிந்தவர்களிடம் இந்த எண் வெகுவாக உயர்ந்துவிட்டது. கையும் கண்ணும் பிறப்பிலேயே ஒரே மொழி பேசவில்லை, ஆனால் விரைவாகக் கற்றுக்கொள்கின்றன.

இதுவரை சொன்னவர்களில் பலர் சிறுவயதில் பார்வை இழந்தவர்கள். கண் மருத்துவமனை வரிசையில் நிற்பவர்களோ பெரும்பாலும் முதியவர்கள். கண்புரை என்றால் அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடும். சர்க்கரை நோயில் சேதமான விழித்திரை அப்படிப்பட்டது அல்ல. அதே சர்க்கரை பாதத்தின் நரம்பையும், காலப்போக்கில் விரல் நுனியின் நரம்பையும் மழுக்குகிறது. வயதோடு காதும் மந்தமாகியிருக்கும். அவரிடம் போய், கண் போனால் என்ன, மற்றப் புலன்கள் கூர்மையாகும் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பிரெய்ல் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். மரத்த விரலுக்கு அது எட்டாது. பாதத்தில் ஏறிய முள்ளைக் கண்ணாலாவது பார் என்று தொழுநோயாளிக்குச் சொன்ன வழியும் அவருக்கு இல்லை. தொழுநோயாளிகளின் பாதத்துக்காக வேலூர்ப் பக்கம் உருவாகி வளர்ந்த மென்ரப்பர் செருப்பு, எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் சொல்வது, இன்று பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளின் காலில் இருப்பது தற்செயல் அல்ல. காரணம் வேறு, காயம் ஒன்றே. தினமும் பாதத்தைப் பார்க்க வீட்டில் இன்னொருவரின் கண் வேண்டும்.

புலன்கள் ஒன்றையொன்று தாங்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து தெளிவான செய்தி வர வேண்டும். ஒலி இரு காதுகளுக்கும் போய்ச்சேரும் நேர வேறுபாடு அதிகம் போனால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. பழைய பஸ் நிலையத்தருகே நான்கு பஸ்கள் சேர்ந்து ஏர்ஹாரன் அடித்தால் கணிக்க எதுவும் மிஞ்சாது. இதன் மறுபக்கம் மின்ஸ்கூட்டர். ராணிப்பேட்டையிலேயே அது தயாராகிறது. புகை இல்லை, நல்லதுதான். ஓசையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 முதல் புதிய மின்கார் வகைகள் மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது; இருசக்கர வண்டியை அது தொடவில்லை. காதால் சாலை கடப்பவருக்கு, சந்தடிமிக்க நாற்சந்தியைவிட அமைதியான தெருவில் பின்னால் வழுக்கி வரும் ஸ்கூட்டர் ஆபத்தானது. ரயில் நடைமேடைகளில் காணும் மேடுபள்ள மஞ்சள் ஓடு ஜப்பானில் மியாகே செய்இச்சி கண்டுபிடித்தது. 1967இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். பாதமும் கோலும் படிக்கும் எழுத்து அது. நம் ஊர் நடைபாதைகளில் அதை அலங்காரமாக நினைத்துப் பதித்து, மின்கம்பத்தில் கொண்டுபோய் முடிக்கிறார்கள்.

சாலை கடக்க உதவ நினைப்பவர்கள் செய்யும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தோளையோ கோல் பிடித்த கையையோ பற்றி முன்னால் தள்ளிக்கொண்டு போவார்கள். கோல் முடங்கிவிடுகிறது, உடம்பு எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பது திரும்பியபின்தான் தெரிகிறது. முதலில் "உதவலாமா?" என்று கேட்டு, முழங்கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொள்ள விட்டால், அவர் அரை அடி பின்னால் வருவார். நீங்கள் நடைமேடை விளிம்பில் ஏறும்போது உங்கள் கை உயர்வதும், இறங்கும்போது தாழ்வதும், ஒதுங்கும்போது திரும்புவதும் அவர் விரல்களுக்கு ஓரடி முன்னதாகவே தெரிந்துவிடும்.